டெமோ சொல்லும் உண்மை எது?

ஆக்‌ஷன் கேம் ஒன்றின் டெமோவை ஒரு மணி நேரம் விளையாடிவிட்டுத் தீர்ப்புச் சொல்பவர்களைப் பொதுவாக யாரும் மதிப்பதில்லை. முழுக் கேம் நாற்பது, ஐம்பது மணி நேரம் ஓடும். அதில் ஒரு துணுக்கை, அதுவும் தயாரிப்பாளரே பொறுக்கிக் கொடுத்த துணுக்கை வைத்துக்கொண்டு என்ன சொல்லிவிட முடியும் என்பது மதிக்காதவர்கள் கேட்கும் கேள்வி. கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் ஆக்‌ஷன் கேமைப் பொறுத்தவரை முதல் அபிப்பிராயத்துக்கு நாம் தரும் மதிப்பு அதற்கு உரியதைவிடக் குறைவு என்றே நினைக்கிறேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோறு வெந்ததா என்பதை அந்த ஒரு பருக்கை சொல்லிவிடும். விருந்து எப்படி என்பதை அது சொல்லாது. டெமோவும் அப்படித்தான். கை அறிகிற விஷயங்களில் அது நம்பத்தக்க சாட்சி. காலம் மட்டுமே அறிவிக்கிற விஷயங்களில் அதனிடம் சாட்சியமே கிடையாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் டெமோவைப் பார்த்து வாங்கியவர்கள் ஏமாந்ததாகவும், டெமோவைப் பார்த்து ஒதுக்கியவர்கள் நல்ல கேமைத் தவறவிட்டதாகவும் பின்னால் வருந்துகிறார்கள்.

இதை விளங்கிக்கொள்ள ஜப்பானில் உருவான ‘நியோ’வைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2004-இல் கோயி நிறுவனம் அறிவித்த கேம் இது. அகிரா குரோசாவா முடிக்காமல் விட்ட ஒரு திரைக்கதையை அடிப்படையாகக் கொண்டு தொடங்கிய திட்டம், பல ஆண்டுகள் கைமாறி, கலைக்கப்பட்டு, மறுபடி கட்டப்பட்டு, கடைசியில் டீம் நிஞ்ஜா குழுவிடம் வந்து சேர்ந்தது. ஃபுமிஹிகோ யசுதா இயக்கினார். 1600-இல் ஜப்பான் கரையை அடைந்த வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமியின் சாயலில் கதாநாயகன் அமைந்தான். பன்னிரண்டு ஆண்டுகள் பெயர் மட்டும் உலவிய அந்தக் கேம் முதன்முதலில் பொதுமக்கள் கைக்கு வந்தது 2016 ஏப்ரல் 26 அன்று, பிளேஸ்டேஷன் 4-க்கான இலவச ஆல்ஃபா டெமோவாக. மே 5 வரைதான் அதை விளையாட முடிந்தது. விளையாடியவர்களிடம் கருத்துக் கேட்டு, கிடைத்த பதில்களைத் தொகுத்து வெளியிட்டு, ஆகஸ்டில் திருத்திய பீட்டா டெமோ ஒன்றை விட்டார்கள். 2017 ஜனவரியில் ஒரு வார இறுதிக்கு மட்டும் இன்னொரு வாய்ப்பு. கேம் கடைக்கு வந்தது பிப்ரவரியில். தயாரிப்பாளர் தன் டெமோவை இவ்வளவு பொறுப்போடு நடத்தியது அரிது.

அந்த முதல் டெமோவில் விளையாடுபவரின் கை எதைச் சந்தித்தது? திரையின் மூலையில் உயிர்ப் பட்டைக்குக் கீழே இன்னொரு பட்டை இருக்கும். அதன் பெயர் கி. வாளை வீசினால், எதிரியின் அடியைத் தடுத்தால், உருண்டு விலகினால், ஓடினால் அந்தப் பட்டை குறையும். தீர்ந்துவிட்டால் வில்லியம் மூச்சு வாங்கி நின்றுவிடுவான். அந்த நொடியில் எந்தச் சாதாரண வீரனும் அவனை வெட்டிச் சாய்த்துவிடலாம். இப்படி மூச்சைக் கணக்கில் வைக்கும் முறை ‘டார்க் சோல்ஸ்’ வரிசைக் கேம்களில் ஏற்கெனவே உண்டு. அங்கே மூச்சு திரும்ப வேண்டுமென்றால் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். நியோவில், வாள் வீச்சு முடிந்த கையோடு நீல ஒளித்துளிகள் உடலை நோக்கிக் குவியும். அவை சேரும் தருணம் பார்த்து ஆர்1 பொத்தானை அழுத்தினால் செலவான மூச்சு உடனே திரும்பிவிடும். முந்தினால் கொஞ்சம்தான் கிடைக்கும், பிந்தினால் ஒன்றுமில்லை. ஆகவே வெட்டி முடித்ததும் கை ஓய்வதில்லை. வெட்டு, நிதானம், அழுத்து, மறுபடி வெட்டு என்று ஒரு தாளம் விரல்களில் ஏறுகிறது. இதற்கு மேல் வாளைப் பிடிக்கும் நிலைகள் மூன்று. வாளை உயர்த்திப் பிடித்தால் அடி பலமானது, மூச்சும் அதிகம் போகும். தாழ்த்திப் பிடித்தால் வேகம் உண்டு, பலம் குறைவு. நடுவில் பிடித்தால் தற்காப்பு எளிது. பேய்கள் தரையில் பரப்பும் இருள் தேக்கத்துக்குள் நின்றால் மூச்சு மெதுவாகவே ஊறும். சரியான நேரத்தில் அழுத்திய அதே பொத்தான் அந்த இருளையும் கலைத்துவிடும். மூச்சு மீட்பது தாக்குதலின் பாகமாகவும் நிலத்தைத் தூய்மை செய்யும் செயலாகவும் ஒரே பொத்தானில் இணைந்திருக்கிறது. இத்தனையும் முதல் ஒரு மணி நேரத்திலேயே கைக்கு வந்துவிட்டது. 2017-இல் வெளிவந்த முழுக் கேமின் சண்டையும் இதே அஸ்திவாரத்தின் மேல்தான் நின்றது.

ஆக்‌ஷன் கேமின் கட்டமைப்பே இதற்குக் காரணம். நாவலிலோ திரைப்படத்திலோ தொடக்கம் வேறு, முடிவு வேறு. ஆக்‌ஷன் கேமில் முதல் பத்து நிமிடத்தில் செய்வதைத்தான் ஐம்பதாவது மணி நேரத்திலும் செய்கிறோம்: பார்க்கிறோம், விலகுகிறோம், அடிக்கிறோம். ஆயுதங்களும் எதிரிகளும் மாறினாலும் அந்தச் சில நொடிச் சுழற்சி மாறுவதில்லை. பொத்தானை அழுத்தியதற்கும் கதாபாத்திரம் அசைவதற்கும் இடைவெளி எவ்வளவு, அடி விழுந்த கணத்தில் படம் ஓரிரு சட்டங்கள் (ஃபிரேம்கள்) உறைந்து நின்று எடையை உணர்த்துகிறதா, சுவரோரம் ஒதுங்கும்போது கேமரா எதிரியை மறைத்துவிடுகிறதா போன்றவைதான் அந்தச் சுழற்சியின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. நொடிக்கு 60 சட்டம் ஓடும் கேமில் ஒரு சட்டம் நிற்பது 16 மில்லிநொடிக்குச் சற்று மேல். இந்த அளவிலான வேறுபாட்டைக் கண் எண்ணிச் சொல்லாது, கை சொல்லிவிடும். 2009-இல் வந்த ‘பயொனெட்டா’ இதற்குச் சாட்சி. அதன் எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்பைப் பிளாட்டினம்கேம்ஸ் உருவாக்கியது. பிளேஸ்டேஷன் 3-க்கு மாற்றிக் கொடுத்தது சேகா. கதை, காட்சி, எதிரிகள் எல்லாம் ஒன்றே. ஆனால் பிளேஸ்டேஷன் 3-இல் சட்ட வேகம் தடுமாறியது. வெளியீட்டுக்கு முன் வந்த டெமோக்களிலேயே அந்த வேறுபாடு தெரிந்துவிட்டது. பின்னர் ஜப்பானின் ஃபமிட்சு இதழ் எக்ஸ்பாக்ஸ் பதிப்புக்கு 40-க்கு 40 மதிப்பெண்ணும் பிளேஸ்டேஷன் பதிப்புக்கு 38-உம் தந்தது. டெமோவில் கை சொன்னது கடைசிவரை மாறவில்லை.

தயாரிப்பாளர் தன் கேமில் மிகச் சிறந்த பகுதியைத்தானே டெமோவாகத் தருவார், அதில் ஏமாற்று இருக்காதா என்று கேட்கலாம். இருக்கும். 2001-இல் ‘ஜோன் ஆஃப் தி எண்டர்ஸ்’ கேமோடு ‘மெட்டல் கியர் சாலிட் 2’-இன் டெமோ வட்டு ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த டெமோவுக்காகவே கேமை வாங்கியவர்கள் ஏராளம். மழை இரவில் ஒரு சரக்குக் கப்பலுக்குள் கதாநாயகன் ஸ்நேக் பதுங்கிச் செல்லும் பகுதி அது. பாட்டிலைச் சுட்டால் பாட்டில் உடையும்; ஐஸ் வாளியைச் சுட்டால் கட்டிகள் தரையில் சிதறி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல உருகும். அந்த ஆண்டின் இறுதியில் முழுக் கேம் வந்தபோது, கப்பல் வெறும் முன்னுரை என்றும், மீதிப் பகுதி முழுவதும் ரெய்டன் என்ற புது இளைஞனாகத்தான் விளையாட வேண்டும் என்றும் தெரிந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். கதையைப் பற்றி அந்த டெமோ வேண்டுமென்றே மறைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது கைக்குச் சொன்ன எதுவும் பொய்யாகவில்லை. கண்மட்டத்திலிருந்து குறிபார்ப்பது, சுவரோடு ஒட்டி எட்டிப்பார்ப்பது, காவலாளிகள் ஒருவரையொருவர் ரேடியோவில் அழைத்துச் சேர்ந்து தேடுவது எல்லாம் முழுக் கேமிலும் அப்படியே இருந்தன. மிகத் திட்டமிட்டு ஏமாற்றிய டெமோவால்கூட நாயகன் யார் என்பதை மறைக்க முடிந்ததே தவிர, சண்டை எப்படி என்பதை மறைக்க முடியவில்லை. கையில் கொடுத்துவிட்ட பிறகு அதை மறைப்பதற்கு வழியே இல்லை.

கையில் கொடுக்காமல் காட்டும்போது மறைக்க முடியும். கண்காட்சி மேடையில் தயாரிப்பாளரே ஓட்டிக் காட்டும் காட்சியையும் டெமோ என்றுதான் சொல்கிறார்கள். வீட்டில் நாம் விளையாடும் டெமோவோடு அதைச் சேர்த்து எண்ணவே கூடாது. 2013-இல் வெளிவந்த ‘ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்’ கேமில், முன்பு விளையாட்டுக் காட்சி என்று காட்டப்பட்டதற்கும் கடையில் விற்கப்பட்டதற்கும் ஒளி, நிழல், எதிரிகளின் நடமாட்டம் எல்லாவற்றிலும் பெரிய இடைவெளி இருந்தது. பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையத்திடம் புகார் போனது. அந்தக் காட்சிகள் வந்த டிரெய்லர்களில் இருப்பது டெமோ காட்சிகள் என்று குறிப்பிட வெளியீட்டாளரான சேகா ஒப்புக்கொண்டது. டெமோக்களை நம்பாதே என்பதற்கு இந்தச் சம்பவத்தைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு இதில் தெரிவது வேறு. வாங்கியவர்களில் பெரும்பாலோர் வாங்குமுன் தம் கையால் அதை விளையாடிப் பார்க்கவில்லை. ஒரு லெவலை இலவசமாகக் கொடுத்திருந்தால் அந்த இடைவெளி ஒரு மாலைப்பொழுதில் ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும்.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. நல்ல ஆக்‌ஷன் கேம்கள் பல, பழகப் பழகத்தான் திறந்துகொள்ளும். முதல் மணி நேரத்தில் நாம் திறமையில்லாதவர்கள்; எனவே நம் அபிப்பிராயம் கேமைப் பற்றியதல்ல, நம் தடுமாற்றத்தைப் பற்றியது. நியோவின் ஆல்ஃபா டெமோவில் பலர் முதல் பாஸ் எதிரியைக்கூடத் தாண்டவில்லை. எரியும் கடலோர கிராமத்தைக் கடந்து போனால் ஒரு கப்பலின் தளத்தில் ஓன்ர்யோகி என்ற பேய் காத்திருக்கும். சங்கிலியில் கட்டிய இரண்டு இரும்புக் குண்டுகளைச் சுழற்றி அடிக்கும். ஒதுங்க இடம் போதாது. ஓரிரு அடியில் கதை முடிந்துவிடும். இந்த நிலையில் ஒருவர் கன்ட்ரோலரைத் தூக்கிப் போட்டுவிட்டு இது தேறாது என்று சொன்னால், அது பயனற்ற அபிப்பிராயம்தான். ஆனால் செத்ததை வைத்து முடிவு செய்யாமல், ஏன் செத்தோம் என்று தெரிகிறதா எனப் பார்த்தால் அதே முதல் மணி நேரம் நிறையச் சொல்லும். குண்டு வீசுவதற்கு முன் அதன் தோள் பின்னுக்குப் போவதைப் பார்க்க முடிகிறது. பார்த்தும் நாம் பேராசைப்பட்டு இன்னொரு வெட்டு வெட்டியிருப்போம், மூச்சு தீர்ந்திருக்கும், விலக முடிந்திருக்காது. தவறு நம்முடையது என்று கேம் தெளிவாகக் காட்டிவிடுகிறது. அடுத்த முறை ஐந்து நொடி கூடுதலாகத் தாக்குப்பிடிக்கிறோம். திறமை வருவதற்கு நாளாகும். நியாயம் இருக்கிறதா என்பதை அறிய நாளாகாது. எதிரி எந்த முன்னறிகுறியும் இல்லாமல் அடிக்கிறான், அழுத்திய பொத்தான் கேட்கவில்லை, கேமரா சுவருக்குள் போய்விட்டது என்றால் அதையும் கன்னித் தடுமாற்றத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். கடினத்தையும் அநியாயத்தையும் பிரித்தறிவதுதான் டெமோ விளையாடுபவருக்கு வேண்டிய ஒரே பயிற்சி.

நியோவின் டெமோ சொல்லாமல் விட்டது எது என்பதையும் பேசியாக வேண்டும். முழுக் கேம் வந்தபோது அதன் சண்டையைப் பாராட்டிய விமர்சகர்களே இரண்டு குறைகளைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எதிரி வகைகள் போதவில்லை. தொடக்கத்தில் பார்த்த பேய்களே பாதிக் கேமுக்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன. செத்த எதிரிகளெல்லாம் வாளும் கவசமுமாகக் கொட்டிவிட்டுப் போனதால், ஒவ்வொரு லெவலும் முடிந்ததும் பட்டியலைத் திறந்து வேண்டாததைக் கழிப்பதே தனி வேலையாகிவிட்டது. இந்த இரண்டையும் டெமோவில் கண்டுபிடித்திருக்கவே முடியாது. முதல் மணி நேரத்தில் எல்லாப் பேயும் புதுப் பேய். கிடைக்கிற வாள் ஒவ்வொன்றும் பரிசு. சலிப்பு என்பது நேரத்தால் மட்டுமே உண்டாகும் பொருள். ஒரு மணி நேரத்தில் அதன் மாதிரியைக் காட்ட யாராலும் ஆகாது. டெமோ அருமை என்று எழுதிய எவரும் பிழை செய்யவில்லை. ஆகவே முழுக் கேமும் ஐம்பது மணி நேரம் அலுக்காது என்று அதை நீட்டியவர்கள்தான் சாட்சியம் இல்லாத இடத்தில் தீர்ப்பு எழுதினார்கள்.

டெமோவை விளையாடுபவர்களிடம் கேட்கும் கேள்வியாக நினைத்து வெளியிட்டதால் நியோவுக்குக் கிடைத்த லாபத்தையும் சொல்ல வேண்டும். ஆல்ஃபாவில் ஆயுதங்கள் பயன்படுத்தப் பயன்படுத்தத் தேய்ந்து உடைந்துபோகும். கி மீட்கும் தாளத்தில் மூழ்கியிருப்பவருக்கு வாளின் ஆயுளைக் கவனித்துக்கொண்டிருப்பது தொல்லையாக இருந்தது. பலர் அப்படியே எழுதினார்கள். அடுத்து வந்த பீட்டாவில் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனமும் 2015-இல் ‘ஃபைனல் ஃபேண்டஸி 15’-இன் டெமோவை வெளியிட்டு, கேமரா பற்றியும் சண்டை பற்றியும் வந்த குறைகளைக் கேட்டு, சில மாதங்களில் அதே டெமோவைத் திருத்தி மறுபடி வெளியிட்டது. கவனியுங்கள், இவை எல்லாமே கை சொன்ன குறைகள். ஆயிரக்கணக்கானவர்களின் முதல் அபிப்பிராயம் வெறும் அவசரப் பேச்சாக இருந்தால், அதை வைத்து அனுபவமிக்க வடிவமைப்பாளர்கள் தங்கள் கேமின் விதிகளை மாற்றியிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் ஏன் பெரிய நிறுவனங்கள் டெமோ தருவதைக் குறைத்துக்கொண்டன? ஒரு காலத்தில் டெமோதான் வியாபாரமே. 1993 டிசம்பர் 10 அன்று வந்த ‘டூம்’ தன் மூன்று பாகங்களில் முதல் பாகத்தை, ஒன்பது லெவல்களோடு, யாரும் நகலெடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகவே விட்டது. பிடித்தவர்கள் பணம் அனுப்பி மீதியை வாங்கிக்கொண்டார்கள். இருபது ஆண்டு கழித்து, 2013-இல் அமெரிக்காவில் நடந்த டைஸ் மாநாட்டில் கேம் வடிவமைப்பாளர் ஜெஸ்ஸி ஷெல், எக்ஸ்பாக்ஸ் 360 விற்பனைத் தரவுகளைக் காட்டி, டிரெய்லர் மட்டும் இருந்து டெமோ இல்லாத கேம்களே அதிகம் விற்றன என்றார். டெமோ கொடுப்பது நட்டம் என்பதற்கு இதைப் பலர் ஆதாரமாகக் காட்டினார்கள். அந்தத் தரவில் ஒரு சிக்கல் உண்டு: விளம்பரத்துக்கே பெரும்பணம் ஒதுக்கும் மிகப் பிரபலமான கேம்களுக்கு டெமோ தேவைப்படாது, தெரியாத பெயர்களுக்குத்தான் தேவைப்படும். எனவே டெமோ விற்பனையைக் குறைத்ததா, விற்பனை குறையக்கூடிய கேம்கள் டெமோவை நாடினவா என்பதை அந்த எண்களே பிரித்துச் சொல்லாது. இதைவிட முக்கியமாக, டெமோ விளையாடியவர்கள் வாங்காமல் போனார்கள் என்றே வைத்துக்கொள்வோம். விற்பவருக்கு அது நட்டம். வாங்குபவருக்கு அது தவிர்க்கப்பட்ட தவறு. இந்தியாவில் பிளேஸ்டேஷன் 5-க்கான புதிய பெரிய கேம் ஒன்று 5,000 ரூபாயை ஒட்டி விற்கிறது. நம் வீடுகளில் யோசிக்காமல் செலவழிக்கும் தொகை அல்ல அது. பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கலாமே என்பார்கள். கணினி கேம் விற்கும் ஸ்டீமில், வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் அது நடக்கும். பிளேஸ்டேஷன் கடையிலோ, தரவிறக்கத் தொடங்கிவிட்டாலே பொதுவாக அந்த உரிமை போய்விடும். முதலில் பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் தெரிந்துகொள் என்பது டெமோவுக்கு ஈடாகாது.

டீம் நிஞ்ஜா தன் வழக்கத்தை விடவில்லை. ‘நியோ 3’-ஐ அறிவித்த கையோடு 2025 ஜூனில் அதன் ஆல்ஃபா டெமோவையும் பிளேஸ்டேஷன் 5-க்கு இலவசமாகக் கொடுத்துக் கருத்துக் கேட்டது. இந்த முறை ஒரே வீரனுக்குச் சாமுராய், நிஞ்ஜா என்று இரண்டு பாணிகள். சண்டைக்கு நடுவிலேயே ஒரு பொத்தானில் மாறிக்கொள்ளலாம். சாமுராயாக இருக்கையில் பழைய கி மீட்பு அப்படியே உண்டு. நிஞ்ஜாவாக மாறினால் அது கிடையாது. அதே பொத்தான், நின்ற இடத்தில் நிழலுருவை விட்டுவிட்டு விலகும் வித்தையாகிவிடுகிறது. இரண்டு தாளங்களும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளாமல் விரல்களில் பொருந்துகின்றனவா என்பதற்கு அந்த டெமோவே முழுமையான பதில். அதை விளையாடி ஒருவர் சொல்லும் தீர்ப்பை நான் தயங்காமல் ஏற்றுக்கொள்வேன். தனித்தனி லெவல்களாக இருந்த பழைய அமைப்பை விட்டுவிட்டு இம்முறை விரிந்த திறந்தவெளிக்கும் போயிருக்கிறார்கள். டெமோவில் அந்த வெளியின் ஒரு பகுதி திறந்திருந்தது. மலையடிவாரத்தில் என்ன இருக்கிறது என்று ஆவலோடு நடக்கவும் வைத்தது. இருபதாவது மணி நேரத்தில், ஏழெட்டு முகாம்களைச் சுத்தம் செய்த பிறகும், அந்த ஆவல் மிஞ்சுமா என்று டெமோ விளையாடியவரிடம் கேட்டால், நேர்மையானவர் கன்ட்ரோலர் எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்.